எங்கள் கணக்கை எங்கே பார்க்கலாம்?

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



"பெண்களும் சமூகத் தலைமைத்துவமும்" என்று எங்களுக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். தலைப்புப் பெரியது. அதில் ஒரு சிறிய மூலையைப் பற்றி மட்டும் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். சம்பளம் வாங்காமல், மாதத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்து, ஓர் ஊர் அமைப்பின் நிர்வாக சபையில் இருப்பதென்றால் என்ன? எங்களுக்கு அது தெரியும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம்.

மேடையில் நிற்பது ஒருவர். ஆனால் "நாங்கள்" என்றே பேசப்போகிறோம். நடந்தது ஒன்பது பேருக்கு. பிழையும் ஒன்பது பேருடையது.

அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் இந்தப் பாடசாலையின் பிள்ளைகள். இரண்டு வைத்தியர்கள், ஒரு சட்டத்தரணி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர், மற்றவர்கள் ஆசிரியைகள். எங்கள் அமைப்பின் வேலை எளிமையானது. வாக்காளர் இடாப்பில் பெயர் விடுபட்டவர்களுக்கு உதவுவது, பிரதேச சபைக்கு மனு எழுதக் கற்றுக்கொடுப்பது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஊர்ப் பெண்களின் கைக்குக் கொண்டுபோவது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எந்தப் பிரசையும் ஓர் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவரிடம் காரணம் கேட்கக் கூடாது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவைச் சொல்ல வேண்டும். ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது, மதகு கட்ட ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று கடிதம் எழுதிப் பதில் வாங்கிய பெண்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அதில் எங்களுக்கு நிறையப் பெருமை. அந்தப் பெருமையே எங்கள் கண்ணை மறைத்தது.

இந்த வேலையை உண்மையில் செய்தவர் ஒரே ஒருவர். சம்பளத்துக்கு இருந்த இணைப்பாளர், இருபத்தாறு வயதுப் பெண். வீடு வீடாகப் போனதும், மனுக்களைத் திருத்தியதும், கூட்டத்துக்குக் கதிரை பிடித்ததும், எங்களுக்குத் தேநீர் ஊற்றியதும் அவர்தான். நாங்கள் எங்கள் பெயரைக் கொடுத்திருந்தோம். கடிதத் தலைப்பில் இரண்டு டொக்டர்மாரின் பெயர் இருந்தால் கந்தோர்களில் கதவு கெதியாகத் திறக்கும் என்று சொல்லித்தான் எங்களைச் சேர்த்தார்கள். நாங்களும் அதை மறுக்கவில்லை.

கூட்டங்கள் எப்படி நடந்தன என்று சொன்னால் உங்களில் பலருக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் உங்களுக்கும் பழக்கமானவைதான். ஐந்து மணிக்கென்றால் ஐந்தே முக்காலுக்குத் தொடங்கும். சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்படும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார். கணக்கறிக்கை "அடுத்த கூட்டத்தில்" என்று தள்ளிப்போகும். யாராவது ஒருவருக்கு வைத்தியசாலையிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும். எழும்பும்போது காசோலைப் புத்தகம் நீட்டப்படும். வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவோம். "பிள்ளையில் எங்களுக்கு முழு நம்பிக்கை" என்று சொல்லிக்கொண்டே போவோம்.

இப்படியே இரண்டு வருடங்கள். பிறகு ஒரு வருடாந்தப் பொதுக்கூட்டம். தலைமையுரை, ஆண்டறிக்கை எல்லாம் முடிந்து, "வேறு விடயங்கள்" என்ற இடத்தில், பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். மதகுக் கணக்கைக் கேட்டு எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவர் கேட்டது இதுதான்:

"டொக்டர் பிள்ளை, பிரதேச சபையிட்டக் கணக்குக் கேக்கலாம் எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள். உங்கட கணக்கை நாங்கள் எங்க பாக்கலாம்?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். மேடையிலிருந்த ஒன்பது பேரிடமும் பதில் இல்லை. "வெகு விரைவில்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அரச அலுவலகங்களில் எங்களுக்குச் சொல்லப்படும் அதே பதில்.

அடுத்த கிழமை உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு வருடங்களாகக் கணக்காய்வு இல்லை. பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள், திகதி வாரியாக, நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அதைச் செய்தது இணைப்பாளர். வெளியிலிருந்து ஒரு கணக்காளரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். ஒரு சதமும் குறையவில்லை. குறைந்திருந்தது வேறு. கையெழுத்துப் போடுகிறவர்கள் ஓய்வாக அகப்படாத மாதங்களில் அந்தப் பிள்ளையின் சம்பளம் தாமதித்திருந்தது. ஒருமுறை மூன்று மாதம். மண்டப வாடகையையும் போட்டோக் கொப்பிச் செலவையும் அவர் தன் கைக்காசிலிருந்து கொடுத்து, பிறகு பெற்றுக்கொள்ளாமல் விட்டிருந்தார். அதற்காகத் தன் காப்பை அடகு வைத்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று நடந்தது. கணக்காய்வு முடிவதற்குள் ஊரில் கதை பரவிவிட்டது. அந்த அம்மா கேட்ட கேள்வியைச் சிலர் வேறு விதமாகக் காவிக்கொண்டு போனார்கள். யாரைச் சந்தேகித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? டொக்டர்மாரையா, சட்டத்தரணியையா? சம்பளத்துக்கு நின்ற பெண்ணைத்தான். கணக்கு ஒழுங்காக இல்லாத இடத்தில் முதலில் சேறு விழுவது ஆகக் கீழே நிற்பவர் மேல்தான். "முழு நம்பிக்கை" என்று சொல்லி நாங்கள் போட்டுக்கொடுத்த வெறுங் கையெழுத்து அவருக்குச் செய்த மரியாதை என்று எண்ணியிருந்தோம். உண்மையில் அது அவரை ஒரு பாதுகாப்பும் இல்லாமல் வெளியில் நிறுத்தியிருந்தது.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். அவர் அதிகம் பேசவில்லை. தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "கையெழுத்துப் போட உங்களுக்கு ரெண்டு நிமிசம். அவள் அதுக்கு ரெண்டு கிழமை அலைஞ்சவள்." நிலுவையை எங்கள் கையிலிருந்து சேர்த்துக் கொடுத்தோம். கணக்காய்வு அறிக்கையைப் பொதுக்கூட்டம் கூட்டி வாசித்தோம். அந்தப் பிள்ளை குற்றமற்றவர், கவனயீனம் எங்களுடையது என்று எழுத்திலும் கொடுத்தோம். ஆனால் அவர் திரும்பி வரவில்லை. இன்று வேறோர் இடத்தில் நல்ல வேலையில் இருக்கிறார். நாங்கள் இழந்தது இழந்ததுதான்.

சகோதரிகளே, விடுதியில் நோயாளியின் அட்டையைப் பார்க்காமல் எந்த வைத்தியராவது மருந்துக்குக் கையெழுத்துப் போடுவாரா? வகுப்பில் விடைத்தாளை வாசிக்காமல் எந்த ஆசிரியையாவது புள்ளி போடுவாரா? சம்பளத்துக்குச் செய்யும் வேலையில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாங்கள், தொண்டு என்று வந்ததும் ஏன் தளர்ந்துபோகிறோம்? "சும்மாதானே செய்கிறோம்" என்ற எண்ணம் எங்கோ உள்ளே இருக்கிறது. எங்களுக்கு அது சும்மா. அந்த அமைப்பை நம்பி வருகிறவருக்கும் அதில் வேலை செய்கிறவருக்கும் சும்மா அல்ல.

அதன் பிறகு என்ன மாற்றினோம் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். வெறுங் காசோலையில் கையெழுத்து இல்லை. சம்பளத் திகதிக்கு முன்பே கையெழுத்துப் போட இருவர் பொறுப்பு, அவர்கள் ஊரில் இல்லாவிட்டால் மூன்றாமவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு நிலையத்தின் சுவரில் ஒட்டப்படும். வேலை செய்பவருக்கு நியமனக் கடிதம் உண்டு. தலைவியும் செயலாளரும் பொருளாளரும் இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது என்று யாப்பைத் திருத்தினோம். கூட்டத்தை எங்கள் வசதிக்கு ஏற்ற நேரத்திலிருந்து சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றினோம். அந்த நேரத்தில்தான் ஊர்ப் பெண்கள் வரக்கூடும். ஒன்பதில் மூன்று இடம் அவர்களுக்கு. கேள்வி கேட்ட அம்மா இன்று எங்கள் பொருளாளர். பற்றுச்சீட்டு இல்லாமல் அவரிடமிருந்து பத்து ரூபாய் வாங்க முடியாது!

சுவரில் கணக்கு ஒட்டுவதைப் பற்றிப் பேசியபோது, எங்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஞாபகம் வந்தது. அதற்கு உங்களை 1995க்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த வருடம் ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். தென்மராட்சியில் வேறொரு பாடசாலையின் கட்டடத்தில், அந்தப் பிள்ளைகள் வீடு போனபின், பின்னேரங்களில் எங்களுக்கு வகுப்பு நடந்தது. நிவாரணமாக வந்த கொப்பிகளையும் சவர்க்காரத்தையும் பிள்ளைகளுக்குப் பங்கிடும் பொறுப்பை எங்கள் வகுப்பாசிரியை எங்களிடமே கொடுத்தார். கூடவே ஒரு சி.ஆர். கொப்பியும் கொடுத்தார். வந்தது எவ்வளவு, யாருக்குப் போனது, மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். எழுதியதை வகுப்புக்கு முன்னால் வாசிக்க வேண்டும். இரவில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கூட்டிப் பார்த்திருக்கிறோம். மண்ணெண்ணெய் அருமையான காலத்தில் இதற்கு ஏன் விளக்கு என்று வீட்டில் பேச்சும் வாங்கியிருக்கிறோம். "எல்லாரும் பறிகொடுத்து நிக்கிற நேரத்தில, தனக்கு மட்டும் குறைஞ்சது எண்டு ஒரு பிள்ளையும் நினைக்கக் கூடாது" என்று ரீச்சர் சொன்னார். பதினான்கு பதினைந்து வயதில் கற்றதை நாற்பது வயதில் மறந்திருக்கிறோம். எங்கள் படிப்பும் பட்டமும் அந்த மறதிக்கு உதவிசெய்தன என்றே நினைக்கிறோம்.

எங்களுக்கு முன்னே போன ஒரு வைத்தியரையும் இங்கே நினைக்க வேண்டும். கனடாவில் பிறந்து, தமிழரைத் திருமணம் செய்து, இந்த மண்ணிலேயே வாழ்ந்த டொக்டர் மேரி இரத்தினம். 1930 இல் அவர் லங்கா மகிளா சமித்தியைத் தொடக்கினார். கிராமத்துப் பெண்கள் தாங்களே கூடி, தங்கள் சங்கங்களைத் தாங்களே நடத்திச் சுகாதாரம், போசாக்கு, கைத்தொழில் என்று வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண்ணும் அவரே. வைத்தியராக அவர் ஊருக்குப் போய் மருந்து கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அதோடு நிற்காமல், தலைமை தாங்கும் இடத்தைக் கிராமத்துப் பெண்களிடமே விட்டார். எங்களைப் போன்றவர்கள் பார்த்துப் படிக்க வேண்டியது அதுதான்.

இன்று அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கு என்ற ஏற்பாடு 2018 தேர்தலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அந்தச் சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். சபைக்குப் போகும் பெண் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கவும், எழுந்து கேள்வி கேட்கவும், மறுத்து வாக்களிக்கவும் எங்கே பழகுவார்? மாதர் சங்கத்தில், சனசமூக நிலையத்தில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில், எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளின் மேசையில்தான். அந்த மேசையில் "முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன்" மட்டும் நடந்தால், அங்கிருந்து போகிறவர் சபையிலும் அதையே செய்வார்.

கடைசியாக, இந்த மலரை லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பும் பணத்தால் இங்கே கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன, பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். நன்றி. ஆனால் பணம் அனுப்பியதோடு நின்றுவிடாதீர்கள். கணக்கைக் கேளுங்கள். கேட்டால் மனம் நோகும் என்று தயங்காதீர்கள். கணக்குக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. அது அங்கே ஓடியாடி வேலை செய்யும் யாரோ ஒரு பிள்ளையின் பெயரைக் காப்பாற்றுவது. பெயரளவில் போஷகராக இருக்கக் கேட்டு உங்களிடம் யாரேனும் வந்தால், கூட்டங்களுக்கு வரமுடியுமா, அறிக்கைகளை வாசிக்க நேரமுண்டா என்று முதலில் உங்களையே கேளுங்கள். இல்லையென்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அதுவும் ஒரு தொண்டு.

எங்கள் பழைய மாணவிகள் சங்கத்தையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறோம். தலைவி அக்கா எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார், ஆகவே கோபம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். நூறு வருடம் நிலைத்த ஒரு பாடசாலைக்குப் பின்னால், பெயர் வெளியே தெரியாமல் இடாப்பும் பற்றுச்சீட்டும் எழுதி வைத்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்களிடம் சி.ஆர். கொப்பியைத் தந்த ரீச்சர் இன்று இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், கொஞ்சக் காலம் கணக்கு எழுதாமல் விட்டுவிட்டோம். இப்போது திரும்பவும் எழுதுகிறோம்.