45 நாள் கணக்கு



நான் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவு மேற்பார்வையாளர். "டெண்டரைப் பிரிச்சு, குறைஞ்ச விலைக்காரருக்கு ஆர்டர் போடறதுதானே?" என்பார்கள். அது பாதி வேலைதாங்க. மீதிப் பாதி, சரக்கு வந்த பிறகுதான் இருக்கு.

மணலி புதுநகரில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பில் பாஸ் ஆகாவிட்டாலும் சனிக்கிழமை கூலி கொடுத்தே ஆகணும். இதற்காகவே 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் போய்ச் சேரணும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி.

பட்டறை வைத்திருக்கும் நண்பர்களே, 'உத்யம்' பதிவை முதலில் முடியுங்கள். இந்த வேலைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளே, சரக்கு இறங்கிய அன்றே சோதனைக்குத் தேதி குறியுங்கள்.