வீட்டுக்கொரு நூலடுக்கு

(வெள்ளி விழாவின்போது மண்ணூர்பேட்டையில் ஆற்றிய உரை)



நூல்களைத் தேடிச் சேர்ப்பதைப் பற்றியும், படித்ததைக் குறித்து வைப்பதைப் பற்றியும் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். நான் புலவனல்லன், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று ஓய்வு பெற்றவன். ஆயினும் நூல்களைச் சேர்த்த ஒருவருடைய மகன் நான்; சேர்த்ததை இழந்தவனும் நானே. அந்த இழப்பிலிருந்து கற்றதைச் சொல்லவே ஒப்புக்கொண்டேன்.

1964-ஆம் ஆண்டு இங்கே தொழிற்பேட்டை தோன்றிய சில ஆண்டுகளில் என் தந்தையார் வேலை தேடி மண்ணூர்பேட்டைக்குக் குடிவந்தார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. சம்பளம் வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, கொரட்டூரில் ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி மூர் மார்க்கெட்டுக்குச் செல்வார். அங்கே பழைய புத்தகக் குவியலின்முன் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார். எட்டணாவுக்கும் ஒரு ரூபாய்க்கும் வாங்கிய நூல்கள் எங்கள் கூரை வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் சேர்ந்தன. அந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதத்தில் தீக்கிரையானதைக் கேட்டு, உறவினர் ஒருவரை இழந்தவர்போல அவர் அன்றிரவு உண்ணாமல் படுத்தார்.

தந்தையார் 1990-இல் காலமானார். அடுத்த ஆண்டு கூரையைப் பிரித்துவிட்டு ஒட்டு வீடு கட்டினோம். பொருள்களை வைக்க இடமில்லை. அந்தத் தகரப் பெட்டியிலிருந்தவற்றையெல்லாம் நான் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டேன். கிடைத்த பணத்தில் இரண்டு மூட்டை சிமெண்டுகூட வாங்க முடியவில்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். என்னைப்போல் எடைக்குப் போட்டவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும்.

ஒன்றே ஒன்று தப்பியது. அது தந்தையாரின் நோட்டுப் புத்தகம். அதன் வெற்றுப் பக்கங்களில் என் தாயார் பால் கணக்கு எழுதிவந்ததால் அது அடுக்களையில் இருந்தது. முன்பக்கங்களைப் புரட்டியபோதுதான், படித்த ஒவ்வொரு நூலின் பெயரையும், வாங்கிய விலையையும், படித்து முடித்த நாளையும், மூன்று நான்கு வரிகளில் தம் கருத்தையும் அவர் எழுதிவைத்திருந்தது தெரிந்தது. ஒரு நாவலுக்கு எதிரே, "எழுத்து நன்று, ஆனால் நம் தெரு இக்கதையில் வரவில்லை" என்றிருந்தது. வேறொரு நூலுக்கு எதிரே, "பாதி விளங்கவில்லை, மறுபடியும் படிக்க வேண்டும்" என்றும், அதன் கீழே ஓராண்டு கழித்து, "படித்தேன், விளங்கியது" என்றும் எழுதியிருந்தார். பத்திரிகைகளில் பெரியவர்கள் எழுதும் மதிப்புரையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு தொழிலாளி, விளங்காத நூலோடு ஓராண்டு மல்லாடி வென்றதற்குச் சாட்சியாக நிற்கும் அந்த இரண்டு வரிகள் எனக்கு எந்த மதிப்புரைக்கும் குறைந்தவையல்ல.

அந்த நோட்டில் 63 பெயர்கள் இருக்கின்றன. ஓய்வு பெற்றபின் அவற்றைத் தேடும் வேலையை நானே எனக்கு இட்டுக்கொண்டேன். பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் அலைந்து 41 நூல்களைக் கண்டெடுத்துவிட்டேன். மீதி 22 கிடைக்கவில்லை. அந்த 22 எவை என்று கூர்ந்து பார்த்தபோதுதான் என் தவற்றின் முழு அளவு எனக்கு விளங்கிற்று. நாவல்களும் வரலாற்று நூல்களும் கிடைத்துவிட்டன. அவற்றை மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். கிடைக்காதவற்றுள் பெரும்பாலானவை நம்மவர்கள் வெளியிட்ட சிறு பிரசுரங்கள், மாநாட்டு அறிக்கைகள், நான்கு பக்க இதழ்கள், கூட்டத் துண்டறிக்கைகள். அவற்றை மறுபடி அச்சிட எவரும் இல்லை. என் தந்தையாரின் பெட்டியே அவற்றுக்கு நூலகமாக இருந்தது. அதைத்தான் நான் எடைக்குப் போட்டேன்.

நண்பர்களே, என் வீட்டில் நிகழ்ந்தது ஒரு சமூகத்துக்கே நிகழ்ந்திருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். நான்கே பக்கங்களில் வெளிவந்த அதன் முதல் இதழ் இரண்டு நாள்களில் நானூறு படிகளளவில் விற்றதாகத் தம் வரலாற்றுச் சுருக்கத்தில் அவரே குறிப்பிடுகிறார். 1900 வரை அவ்விதழ் நடந்தது. ஏழாண்டுக் காலம் நம் முன்னோர் காசு கொடுத்து வாங்கிக் கூடிப் படித்த அவ்விதழின் முழுத் தொகுதி இன்று நம் கையில் இல்லை. அக்கால அரசாங்கம், சுதேசிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று கண்காணிப்பதற்காகத் தயாரித்த அறிக்கைகளில் அதன் சுருக்கங்கள் சில எஞ்சியுள்ளன. நம்மைக் கண்காணித்தவன் சேமித்த அளவுகூட நாம் சேமிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. ஆனால் கூரை வீட்டில், மழைக்கும் தீக்கும் நடுவில், அடுத்த வேளை உணவே நிச்சயமில்லாமல் வாழ்ந்தவர்கள் காகிதத்தை எங்கே காப்பாற்றுவார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

மாறாக, காத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப்பின் அது 'தமிழன்' என்று பெயர் பெற்றது. 1914-இல் அவர் மறையும்வரை வாரந்தோறும் எழுதினார். அதன்பின் நெடுங்காலம் அவர் பெயரை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சொல்லவில்லை. அந்த மௌனம் உடைந்தது எப்படி? அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் அந்த இதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்துத் தம் இல்லங்களில் காத்து வைத்திருந்தார்கள். அவ்வாறு காக்கப்பட்டவற்றிலிருந்தே ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வாயிலாக வெளிவந்தது. அதன்பின் எத்தனை ஆய்வுகள், எத்தனை கருத்தரங்குகள்! ஒருசில வீடுகளில் ஏடுகள் பத்திரமாக இருந்தமையால் ஒரு பேரறிஞர் நமக்குத் திரும்பக் கிடைத்தார்.

அயோத்திதாசரின் குடும்பத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஐரோப்பியர் ஒருவரிடம் பட்லராகப் பணியாற்றியவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடி நானூறு முதலிய ஓலைச்சுவடிகளை அவர் எல்லிஸ் துரையிடம் கொடுத்தார் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். திருக்குறள் முதன்முதல் அச்சேறியது 1812-இல். கல்வி நமக்கு யாரோ இடையில் வந்து கொடுத்த பிச்சை என்று எவரேனும் சொன்னால், சமையற்கட்டில் உழைத்தவரின் வீட்டில் குறள் ஓலை இருந்த செய்தியை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நூல் சேர்ப்பு என்றால் பாபாசாகேப் அம்பேத்கரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மகன் கேட்ட புத்தகத்தை வாங்கத் தந்தை ராம்ஜி, மணமான தம் மகள்களிடம் சென்று பணமோ நகையோ பெற்று, நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தார். நியூயார்க்கில் படித்தபோது அம்பேத்கர் ஏறத்தாழ இரண்டாயிரம் பழைய நூல்களை வாங்கினார். அவற்றை ஒரு நண்பரிடம் ஒப்படைத்து வந்தார். சில மட்டுமே வந்து சேர்ந்தன என்று வாழ்க்கை வரலாறு எழுதிய தனஞ்செய் கீர் கூறுகிறார். 1917-இல் லண்டனிலிருந்து திரும்பியபோது, தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள் உலகப் போரில் கப்பலோடு கடலில் மூழ்கின. இருமுறை இழந்தவர் மூன்றாம் முறையும் சேர்த்தார். 1930-களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் 'ராஜகிருகம்' என்னும் வீட்டைக் கட்டியபோது, தம் நூல்களுக்கு இடம் வேண்டும் என்பதையே முதன்மையாகக் கொண்டார்.

அவர் சேர்த்ததோடு நிற்கவில்லை. படித்ததை எடைபோட்டு எழுதினார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் உலகப் புகழ்பெற்ற தத்துவ அறிஞர். சமுதாயச் சீரமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு, 1918-இல் இந்தியப் பொருளாதாரக் கழகத்தின் இதழில் அம்பேத்கர் மதிப்புரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 27. பெரியவர் எழுதியது என்பதற்காகத் தலையாட்டாமல், உடன்படும் இடத்தில் உடன்பட்டு, சொத்துடைமை பற்றிய கருத்தில் குறை கண்ட இடத்தில் அதை எடுத்துக் காட்டினார். நூலின்முன் கைகட்டி நிற்பதும் படிப்பன்று. படிக்காமலே தூக்கி எறிவதும் படிப்பன்று. நேருக்குநேர் அமர்ந்து பேசுவதே படிப்பு. மதிப்புரை என்பது அந்தப் பேச்சின் பதிவு.

இனி நம் ஊருக்கு வருகிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் பெரியவர் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் பிறர் தூக்கி எறியும் துண்டுத் தாள்களையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே நூலகமாக அமைய வழிசெய்தது. அந்த நூலகம் தரமணிக்குச் செல்லுமுன் சில ஆண்டுகள் இயங்கியது எங்கே தெரியுமா? நம் பக்கத்திலுள்ள முகப்பேரில்! கோட்டையூர்ப் பெரியவர் பொறுக்கிவைத்த துண்டுத் தாளைப் பார்க்கக் கடல் கடந்து அறிஞர்கள் முகப்பேருக்கு வந்தார்கள். நானோ அருகிலிருந்த மண்ணூர்பேட்டையில் என் வீட்டுத் துண்டுத் தாளை எடைக்குப் போட்டிருந்தேன்.

ஆகவே இந்த வெள்ளி விழாவில் மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, வீட்டுக்கொரு நூலடுக்கு வேண்டும். பலகை ஒன்று போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தை மறவாமல், தரையிலிருந்து நெஞ்சுயரத்துக்கு மேல் அடியுங்கள். ஈரச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். நம் பாட்டிமார் செய்தபடி வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. கிழிந்த தாளில் பசைநாடா ஒட்டாதீர்கள். அது காலப்போக்கில் தாளைக் கறையாக்கும். சங்க அறிக்கை, கூட்ட நோட்டீசு, பழைய புகைப்படம் எதையும் சங்கத்தில் காட்டாமல் எடைக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது, 25 ஆண்டு நிறைவுக்கு ஓராண்டில் 25 நூல்கள் என்று இளைஞர்கள் உறுதி பூணவேண்டும். மாதத்துக்கு இரண்டு, அதற்குமேல் ஒன்று. அம்பேத்கரின் நூல்கள் தமிழில் தொகுதி தொகுதியாக வந்துள்ளன. பாமாவின் 'கருக்கு', கே. ஏ. குணசேகரனின் 'வடு' ஆகிய தன்வரலாறுகளிலிருந்து தொடங்கலாம். நமக்கு உடன்பாடில்லாதவர் எழுதிய நூல் நான்கைந்தாவது அப்பட்டியலில் இருக்கட்டும். விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியையும் செலுத்துகிறோம். நூலகத்துக்குள் நுழைவது நம் உரிமை. வேலைக்கும் அடுக்களைக்கும் நடுவே படிக்கும் நம் சகோதரிகளுக்கு, அந்த ஒரு மணி நேரத்தை வீட்டு ஆண்கள் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். அவர்கள் அன்றைய பாத்திரத்தைக் கழுவினால் போதும். 25 நூல்கள் கழிந்துவிடும்.

மூன்றாவது, படித்த நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றே எழுதுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அப்பக்கங்களைச் சங்க அலமாரியில் சேர்த்து வைப்போம். பொன்விழாவின்போது, இன்றைய பிள்ளைகள் என்ன படித்தார்கள், எதை மறுத்தார்கள், எங்கே இடறி எழுந்தார்கள் என்பதை அவர்தம் கையெழுத்திலேயே அன்றைய தலைமுறை காணட்டும்.

என் தந்தையாரின் நோட்டுப் புத்தகத்தை இன்று கொண்டுவந்திருக்கிறேன். பால் கணக்குப் பக்கங்களோடு அப்படியே சங்கத்தாரிடம் ஒப்படைக்கிறேன். அதிலுள்ள 22 பெயர்களை இவ்வூர் வீடுகளின் பரண்களில் தேடிப் பாருங்கள். ஒன்றேனும் கிடைத்தால் அவர் பெட்டி மீண்டும் நிறையத் தொடங்கிவிட்டது என்று மகிழ்வேன்.