ஏவவில்லை என்றால் பொறுப்பில்லையா?

(பொதட்டூர்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



'நாங்கள் ஏவவில்லை, கீழுள்ள அலுவலர் தாமே செய்துவிட்டனர்' என்பது, கொடுமை நிகழுந்தோறும் அரசுகள் சொல்லும் சொல். பன்னாட்டுச் சட்டம் இச்சொல்லை ஏற்கின்றதா?

இது நெசவாளர் ஊர். ஆள் வைத்து நெய்விப்பவர், துணி பழுதானால், 'அப்படி நெய்யச் சொல்லவில்லையே' என்று வாங்கியவரிடம் தப்ப முடியுமா? தறியும் நூலும் அவர் தந்தவை. அவ்வாறே, காவலர்க்குச் சீருடையும் துமுக்கியும் தந்தது அரசு.

1880-இல் மெக்சிகோவின் அங்கங்கேயோ என்னும் ஊரில் அமெரிக்கர் மூவரைக் கும்பலொன்று சூழ்ந்தது. காக்க அனுப்பப்பட்ட படைஞரே கும்பலோடு சேர்ந்து சுட்டனர்; மூவரும் மாண்டனர். 'ஆணை மீறிய செயல்' என்னும் மறுப்பை, 1926-இல் இருநாட்டு இழப்பீட்டு ஆணையம் தள்ளியது. ஆணை மீறினாலே பொறுப்பு நீங்குமெனின், படைஞரின் எக்கொடுமைக்கும் எவ்வரசும் பொறுப்பாகாதே! பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2001-இல் வகுத்த அரசுப் பொறுப்பு விதிகளுள் 7-ஆவதும் இதுவே: பதவி நிலையில் செயற்பட்டவர் எல்லை கடந்தாலும், கட்டளை மீறினாலும், அது அரசின் செயலே. தனியாளாய்த் தன் பகை தீர்த்துக்கொண்டது மட்டுமே வேறு.

இனி யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1981 மே 31-இல் தேர்தல் கூட்டமொன்றில் காவலர் சுடப்பட்டு இறந்தனர். தொடர்ந்து காவலர் ஆடிய வெறியாட்டில் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 'குடித்த காவலர் சிலர் தாமே செய்தது' என்றனர் ஆட்சியாளர்.

'அயலார்க்கு வகுத்த நெறி சொந்தக் குடிகளுக்குப் பொருந்துமா?' எனலாம். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 1980 சூன் 11-இல். நூலகம் எரிந்தது ஓராண்டு நிறையுமுன். மீறியவர் பதவியிலிருப்போரே ஆயினும் தீர்வு வழங்க வேண்டும் என்கிறது அதன் 2-ஆம் உறுப்பு. குடித்திருந்தனர் என்பது காவலரின் இழிவைக் காட்டுமேயன்றி, அரசின் பொறுப்பைக் கழிக்காது.

2016-இல் இலங்கைத் தலைமையமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அது தொடக்கமே; முடிவன்று. எரித்தவர் யார், தடுக்கத் தவறியவர் யார் என்னும் மெய்ம்மை வெளிப்படல் வேண்டும். குற்றவாளிகள் ஒறுக்கப்படல் வேண்டும். இழப்புக்கு ஈடு வேண்டும்.

இதே அளவுகோலை நம்மூர்க் காவல் நிலையங்களுக்கும் வையுங்கள். அடித்த கை எது என்பதோடு நில்லாமல், அக்கைக்குக் கோல் கொடுத்தவர் யாரென்றும் கேளுங்கள்.