அளவறிந்த வண்டிகள்

அமெரிக்கக் கார் என்றவுடன் நம்மில் பலருக்குப் பழைய திரைப்படங்களில் வரும் படகு போன்ற வண்டியே மனக்கண்ணில் தோன்றும். பளபளக்கும் முகப்பும், மீனின் துடுப்புப்போல் மேலெழுந்த பின்புறமும் கொண்டு, தெருவையே அடைத்துக்கொண்டு அது வரும். 1959-ஆம் ஆண்டின் காடிலாக் கார் 18 அடிக்கு மேற்பட்ட நீளமுடையது. பெருமை என்பது பருமையே என்று எண்ணிய காலம் அது. ஆயினும், அந்த நாட்டில் அந்தக் காலத்திலேயே சிறிய கார்களும் பிறந்தன. மக்களின் அன்பையும் பெற்றன. இன்று அந்நாட்டு முதியோர் பலர் அவற்றைப் பற்றிப் பேசும்போது, வீட்டில் வளர்ந்த பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் குரல் குழைவதை நான் கேட்டிருக்கிறேன். அந்தச் சிறிய கார்களைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

சிறிய கார் என்று நான் சொல்வது அமெரிக்க அளவில் என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் கார் 14 அடியைச் சற்றே தாண்டிய நீளமுடையது. அமெரிக்கர் சிறியது என்று கொண்டாடிய ஃபால்கன் காரோ 15 அடி! அவர்களுக்குச் சிறியது நமக்குப் பெரியது. சிறிதும் பெரிதும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்தானே இருக்கின்றன?

1950-ஆம் ஆண்டில் நாஷ் நிறுவனம் ராம்ப்ளர் என்னும் காரை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசன் என்பவர். பெரிய நிறுவனங்கள் மூன்றோடும் நேருக்கு நேர் மோதிச் சிறிய நிறுவனம் பிழைக்க இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர்கள் செய்யாத ஒன்றைச் செய்வதே வழி எனத் துணிந்தார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 100 அங்குலமே உள்ள வண்டியைச் செய்தார். ஆனால், அதை ஏழைகளின் வண்டியாக அவர் காட்டவில்லை. மற்றவர்கள் தனி விலை பெற்றுப் பொருத்திய வானொலிப் பெட்டியையும், குளிர் போக்கும் கருவியையும் விலையோடு சேர்த்தே கொடுத்தார்.

அதே ஆண்டில் கைசர் நிறுவனம் ஹென்றி ஜே என்னும் சிறிய காரைக் கொண்டுவந்தது. விலையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக, தொடக்கத்தில் வந்த வண்டிகளின் பின்புறத்தில் பெட்டி வைக்கும் அறைக்குக் கதவே வைக்கவில்லை. பின் இருக்கையை மடக்கி, உள்ளிருந்துதான் பெட்டியை வைக்கவேண்டும். அந்தக் கார் 1954-ஆம் ஆண்டோடு மறைந்தது. சிக்கனம் வேறு, வறுமைக்கோலம் வேறு. முன்னதை மனிதர் விரும்பி ஏற்பர். பின்னதை எவரும் தம் வீட்டு வாசலில் நிறுத்த விரும்பார். ராம்ப்ளர் வென்றதும் ஹென்றி ஜே தோற்றதும் இந்த வேற்றுமையால்தான் என்பது என் எண்ணம்.

ராம்ப்ளரின் வரலாற்றில் ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. 1955-ஆம் ஆண்டோடு அந்தச் சிறிய வடிவத்தை நிறுத்திவிட்டார்கள். 1958-இல் அமெரிக்காவில் வாணிகம் மந்தமாயிற்று; மக்கள் கைப்பணத்தை எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது நாஷ் நிறுவனம் ஹட்ஸனோடு இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆகியிருந்தது. மேசன் மறைந்து, ஜார்ஜ் ராம்னி தலைவராக இருந்தார். பெரிய கார்களைப் பெட்ரோல் விழுங்கும் டைனோசர்கள் என்று ஏளனம் செய்தவர் அவர். மூலையில் கிடந்த பழைய அச்சுகளை எடுத்துத் துடைத்து, சிற்சில மாற்றங்களுடன் அதே காரை மீண்டும் வார்த்து, ராம்ப்ளர் அமெரிக்கன் என்ற பெயரில் விற்றார். கார் நன்றாக விலைபோயிற்று! ஓய்வு பெற்ற ஆசிரியரை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வகுப்பு எடுக்கச் சொல்வதுபோன்றது இது. என் போன்றோர்க்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருப்பதில் வியப்பில்லை. அவ்வாண்டிலேயே, ஒரு சிறிய நாஷ் ராம்ப்ளர் பெரிய காடிலாக்கைத் துரத்தும் வேடிக்கைப் பாட்டு ஒன்று அமெரிக்கா முழுவதும் பரவியது. வண்டிகளின் வேகம் கூடக் கூடப் பாட்டின் தாளமும் விரையும். சிறியவன் பெரியவனைத் துரத்தும் கதையை எந்த நாட்டார்தாம் விரும்பமாட்டார்?

1959-ஆம் ஆண்டுக்கென ஸ்டூடிபேக்கர் நிறுவனம் லார்க் என்னும் காரை வெளியிட்டது. லார்க் என்றால் வானம்பாடி. அந்நிறுவனம் 1852-இல் இண்டியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரில் குதிரை வண்டிகள் செய்யத் தொடங்கிய பழைமையுடையது. புதிய வண்டி செய்யப் பணம் இல்லாத நெருக்கடியில், தம்முடைய பழைய பெரிய காரின் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்ததைக் குறைத்தார்கள். உள்ளே அமர்வோர்க்கு இடம் குறையவில்லை. வெளியே வீண் பகட்டுத்தான் குறைந்தது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விலைபோய், நொடித்துப்போக இருந்த நிறுவனத்துக்கு மூச்சுக் கொடுத்தது.

இதைப் பார்த்த பெரிய நிறுவனங்கள் மூன்றும் 1960-ஆம் ஆண்டுக்கென ஆளுக்கு ஒரு சிறிய காரோடு களத்தில் இறங்கின. ஃபோர்டின் கார் ஃபால்கன், அதாவது வல்லூறு. ஷெவர்லேயின் கார் கார்வேர். கிறைஸ்லர் நிறுவனத்தின் கார் வேலியன்ட். ஃபால்கன் எளிமையே வடிவானது. முதல் ஆண்டிலேயே நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. வேலியன்டின் எஞ்சின் முப்பது பாகை சாய்ந்து கிடக்கும். உழைப்பில் அதற்கு நிகரில்லை என்று பெயர் எடுத்தது. கார்வேரின் எஞ்சினோ பின்புறத்தில் இருந்தது. தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிர்ந்தது. புதுமையில் அதுவே முதன்மை. ஆனால், அதன் முதல் ஆண்டுகளில் பின் சக்கரங்கள் அமைந்த விதம் ஆபத்தானது என்று ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய நூலில் குற்றம் சாட்டினார். அக்காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமன்று என 1972-இல் அரசாங்க ஆய்வு ஒன்று கூறிற்று. ஆயினும், 1969-லேயே அந்தக் கார் நின்றுபோயிற்று. அந்த வாதத்தின் நற்பயனாக, 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று அந்நாட்டில் பிறந்தது.

மிச்சிகன் மாநிலத்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களை வரிசையாக நிறுத்திவைத்த மைதானம் ஒன்றுக்குச் சென்றேன். 1963-ஆம் ஆண்டு வேலியன்ட் ஒன்றின் அருகே மடக்கு நாற்காலியில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அவரும் ஆசிரியராக இருந்தவர் என அறிந்ததும் பேச்சு வளர்ந்தது. கியர் மாற்றக் கம்பிக்குப் பதிலாகப் பொத்தான்கள் இருந்ததைக் காட்டி, என்னையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். தம் மூன்று பிள்ளைகளுக்கும் இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம். "இதை நாங்கள் விற்கவில்லை ஐயா, ஓய்வுதான் கொடுத்திருக்கிறோம்" என்றார். அவர் அந்தக் காரின் வேகத்தைச் சொல்லவில்லை, விலையைச் சொல்லவில்லை. தம் சம்பளத்துக்குள் அடங்கி, தம் குடும்பத்தைச் சுமந்தது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால், இந்த இனிய நினைவுகளுக்குப் பின்னால் வேறொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வானம்பாடியை வல்லூறு அடித்தது. பெரிய நிறுவனங்களின் போட்டியில் லார்க் வீழ்ந்தது. 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் தொழிற்சாலை மூடப்பட்டது. ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்க்கும் அறுபது வயது நிரம்பியவர்க்கும் முழுத் தொகை கிடைத்தது. நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரை இருந்த சுமார் 4,000 பேருக்கு, வரவேண்டியதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கே கிடைத்தது. அவர்களினும் இளையோர்க்கு ஒன்றுமே இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு இந்தக் கணக்கு வெறும் எண்ணாகப் படவில்லை. இருபது ஆண்டு, முப்பது ஆண்டு உழைத்தவனுக்குக் கொடுத்த வாக்கு ஒரே நாளில் காகிதமாயிற்று. இந்த அநீதி நாட்டின் மனத்தை உறுத்தியது. 1974-இல் தொழிலாளர் ஓய்வூதியத்தைக் காக்கும் சட்டம் வந்ததற்கு அந்த ஊர் மக்களின் துயரமும் ஒரு காரணம். சவுத் பெண்டில் இன்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்நகரில் கடைசியாகச் செய்யப்பட்ட ஸ்டூடிபேக்கர் காரை அங்கே போற்றிக் காத்துவருகிறார்கள்.

வென்ற கார்களும் சிறியவையாகவே நிலைத்திருக்கவில்லை. ஆண்டுதோறும் சிறிது நீளம், சிறிது எடை, சிறிது பகட்டு எனச் சேர்ந்துகொண்டே போயின. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, பெட்ரோலுக்காக மக்கள் வரிசையில் நின்றபோது, ஜப்பானியச் சிறு கார்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ராம்ப்ளர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அமெரிக்கர் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து படிக்க நேர்ந்தது.

தேவைக்கு ஏற்ற அளவு, அந்த அளவுக்குள் குறைவற்ற தரம், அதைச் செய்த கைகளுக்கு உரிய நியாயம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நல்ல பொருள். அந்தச் சிறிய கார்களில் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது பலருக்குக் கிடைக்காமல் போயிற்று. அவற்றை அன்போடு நினைப்போர், லார்க் காரைப் பூட்டி முடித்த அந்தத் தொழிலாளரையும் சேர்த்து நினைப்பாராக.