மலைக்கு அந்தப் பக்கம் திராட்சை, இந்தப் பக்கம் ஆலை

இன்னைக்கு லெபனானுக்குப் போறோம். அங்க ஷாட்டோ முசார்னு ஒரு ஒயின் ஆலை. 1930-ல காஸ்டோன் ஹோஷார் ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் அந்தக் குடும்பத்தோட கையிலதான் இருக்கு. நீங்க ஒயின் குடிக்கிறவரா, இல்லையான்னு கவலையே வேண்டாம். இந்தக் கதை முழுக்க ஒரு ரோட்டைப் பத்தினது.

மேப்பை மனசுல வச்சுக்கோங்க. திராட்சைத் தோட்டங்கள் பெக்கா பள்ளத்தாக்குல, கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்துல இருக்கு. ஆலை இருக்கிறது கஸீர்ங்கிற ஊர்ல. அது பெய்ரூட்டுக்கு வடக்க, மத்தியதரைக் கடலைப் பார்த்த மலைச்சரிவு. ரெண்டுக்கும் நடுவுல லெபனான் மலைத்தொடர் குறுக்க நிக்குது. ஏன் இப்படி? அந்தக் காலத்துல லெபனான் பிரெஞ்சு ஆட்சியில இருந்தது. எல்லைக்கோடு மாறி பெக்கா சிரியா பக்கம் போயிடுமோன்னு ஒரு பயம், அதனாலதான் ஆலையை இந்தப் பக்கம் வச்சாங்கன்னு ஒரு விளக்கம் சொல்வாங்க.

அமைதியான காலத்துல இது பெரிய விஷயமே இல்ல. லாரியில ஏத்தினா சில மணி நேரத்துல வந்துடும். ஆனா திராட்சை காத்திருக்காது. அதோட தோல்லயே ஈஸ்ட் இருக்கு. பறிச்சு அடுக்கும்போது அடியில இருக்கிற பழம் நசுங்கி, வெயில்ல சூடாகி, சாறு தானா புளிக்க ஆரம்பிச்சுடும். நம்ம வீட்டு இட்லி மாவு மாதிரிதான், எங்க எப்போ புளிக்கணும்னு நம்மளைக் கேக்காது.

1959-ல மூத்த மகன் செர்ஜ் ஹோஷார் ஒயின் தயாரிப்பைக் கையில எடுத்தார். பிரான்ஸ்ல போர்டோவுல படிச்சவர். தம்பி ரோனால்ட் கணக்கு, விற்பனைப் பக்கம். எல்லாம் நல்லா போயிட்டிருந்தப்போ 1975-ல உள்நாட்டுப் போர் வெடிச்சது. 15 வருஷம்.

மறுவருஷமே அந்த ரோடு பிரச்சினையாச்சு. 1976-ல முசார் ஒயினே இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு அறுவடையும், யார் யாரோ வச்சிருந்த செக்போஸ்ட்டுகளைத் தாண்டித்தான் ஆலைக்கு வந்தது. போர் நிறுத்தம் எப்போன்னு பார்த்து திராட்சை பழுக்கிறதில்லையே. பழுத்த அன்னைக்கு ரோடு திறந்திருக்கணும், அவ்வளவுதான். 1984-ல அதுவும் கைகொடுக்கல. லாரிகள் நாள்கணக்குல மாட்டிக்கிச்சு, பழம் லாரியிலயே புளிக்க ஆரம்பிச்சுடுச்சு. அந்த வருஷ ஒயினை வழக்கம்போல விற்பனைக்கு விடல.

அதே 1984-லதான் பிரிட்டனோட டிகான்டர் பத்திரிகை, 'ஆண்டின் சிறந்த மனிதர்'னு ஒரு விருதை முதல் முறையா அறிவிச்சு, அதை செர்ஜுக்குக் கொடுத்தாங்க. கதையா எழுதியிருந்தா எடிட்டர் 'ரொம்ப ஓவர்'னு வெட்டியிருப்பார்.

பிரிட்டனுக்கு இவரை எப்படித் தெரியும்? போருக்கு முன்னாடி முசார் பெரும்பாலும் உள்ளூர்லதான் வித்தது. போர் வந்ததும் அந்தச் சந்தை காலி. 1979-ல பிரிஸ்டல்ல நடந்த ஒயின் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போனாங்க. கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தோட ஒயின் நிபுணர் மைக்கேல் பிராட்பென்ட் குடிச்சுப் பார்த்துட்டு, கண்காட்சியோட பெரிய கண்டுபிடிப்பே இதுதான்னு சொல்லிட்டார். அங்கிருந்து வெளிநாட்டு வியாபாரம் பிடிச்சுக்கிச்சு.

இந்தக் கதையை எல்லாரும் 'குண்டு மழையில ஒயின் செஞ்ச வீரர்'னு சொல்வாங்க. சரிதான். ஆனா எனக்கு அதைவிடப் பெரிசா படுறது வேற ஒண்ணு. முசாரோட முக்கியமான சிவப்பு ஒயின் அறுவடையாகி ஏழாவது வருஷம்தான் கடைக்கு வரும். தொட்டி, ஓக் பீப்பாய், கலவை, அப்புறம் பாட்டில்ல வருஷக்கணக்கா தூக்கம். அப்படின்னா 1983-ல பறிச்ச திராட்சைக்கு வருமானம் 1990 வாக்குலதான். அடுத்த வாரம் ஊர் இருக்குமான்னே தெரியாத இடத்துல, ஏழு வருஷம் தள்ளி வர்ற பணத்துக்காக இன்னைக்குக் கூலி கொடுக்கணும். நம்ம ஸ்டார்ட்அப் பசங்க 18 மாசம் தாக்குப்பிடிக்கக் கையில காசிருந்தா பார்ட்டி வைப்பாங்க.

ஒரு விமர்சனத்தையும் சொல்லிடறேன். முசார்ல லேசா வினிகர் வாடை அடிக்குது, இது தயாரிப்புக் குறைன்னு சில நிபுணர்கள் சொல்வாங்க. செர்ஜ் அதைச் 'சரி' பண்ணவே இல்ல. திராட்சையோட சொந்த ஈஸ்ட்தான், முடிஞ்ச அளவுக்கு கை வைக்காம விடணும்னு பிடிவாதம். அதனால ஒரு வருஷம் மாதிரி இன்னொரு வருஷம் இருக்காது. ஒவ்வொரு பில்டும் ஒரே மாதிரி வரணும்னு சம்பளம் வாங்குற எனக்கு இது கொஞ்சம் பதட்டமாவே இருக்கு. ஆனா வாங்குறவங்க அந்த வித்தியாசத்துக்காகத்தான் வாங்குறாங்க.

போர் முடிஞ்சும் ஆலையை பெக்காவுக்கு மாத்தல. அறுவடைக் காலத்துல லாரிகள் இன்னும் அந்த மலையைத் தாண்டித்தான் வருது. 2014 டிசம்பர் 31-ஆம் தேதி, மெக்சிகோவுல கடல்ல நீந்தப் போன இடத்துல செர்ஜ் இறந்துட்டார். அப்போ அவருக்கு 75 வயசு. இப்போ அடுத்த தலைமுறை பார்த்துக்கிறாங்க. அவர் பார்த்த கடைசி அறுவடை 2014. அந்தச் சிவப்பு ஒயின் கடைக்கு வந்தது 2021-ல.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.