நேர்த்தியும் மருந்தும்



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, எமது ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயன் வீடுகளை மூடியது. பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் இழப்பை மனம் எப்படி ஏற்கும்? அத்தகைய துயரம் ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும் என்பதை வைத்தியர்களாகிய நாம் அறிவோம். பிரிவை ஊரறிய ஒப்புக்கொள்ளவும் கூடியழவும் கருமாதியும் இரங்கல் திருப்பலியுமே அங்கு இடந்தருகின்றன.

இதனை நன்குணர்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், யாழ்ப்பாணத்தில் போரால் மனம் நொந்தோருக்கு, அவரவர் சமயத்தின் மந்திரத்தையோ செபத்தையோ உச்சரிப்பதையே மனதை ஆற்றும் பயிற்சியாகக் கொடுத்தார். அவர்களிடம் இருந்ததையே எடுத்துக் கொடுத்தார். நமக்கும் அதுவே எல்லை. "உங்களுக்குத் தைரியம் தருவது எது?" என்று நோயாளியிடம் கேட்கலாம், எமது நம்பிக்கையைத் திணிக்கக் கூடாது.

அதேவேளை, உண்ணாமல், உறங்காமல், உயிரை மாய்க்க எண்ணும் பெண்ணுக்குத் தோஷமென்று நூல் கட்டிவிட்டு இருந்துவிடுவது ஆபத்து. நூல் கையிலேயே இருக்கட்டும்; அவளை மனநலக் கிளினிக்கிற்கும் அழைத்து வாருங்கள். நேர்த்தி வைத்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

நம்மில் பலர் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் தோட்டங்களுக்குச் சென்று வருகிறோம். கோயில் பூசகரையும் வைத்தியசாலையையும் அறிமுகப்படுத்தி வைக்க நம்மால் முடியும். நூற்றாண்டு கண்ட பாடசாலையின் பிள்ளைகள் நாம் அதைத் தொடங்குவோம்.