ஊசிக்கு முன்னால் போனா?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நம் வீட்டுப் பெரியவர்களின் கையைப் பாருங்கள். அம்மை குத்திய தழும்பு இருக்கும். ஊசி போட்டதற்கு அதுவே அத்தாட்சி. அதைத் தொலைக்க முடியாது. எழுதப் படிக்கவும் தெரிய வேண்டாம். போலியோ சொட்டு மருந்து கொடுத்தபோது குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தார்கள். வீடு வீடாக வந்தவர்கள் விரலைப் பார்த்தே விடுபட்ட குழந்தையைக் கண்டுபிடித்தார்கள்.

கொரோனா காலத்தில் மையின் இடத்துக்குச் செல்போன் வந்தது. முகாமில் ஒருவர் ஊசி போட, இன்னொருவர் கையில் கருவி. பெயர், அடையாள எண், எந்த மருந்து, எத்தனையாவது தவணை எல்லாம் கம்பியில்லாமல் அங்கிருந்தே 'கோவின்' கணக்கில் ஏறும். இதை நான் குறை சொல்ல வரவில்லை. திருப்பூரில் முதல் தவணை போட்டுக்கொண்ட பீகார்த் தொழிலாளி சொந்த ஊரில் இரண்டாவது தவணை போடலாம்; கணக்கு அவர் கூடவே போகும். யந்திரத்தோடு நமக்குப் பகை கிடையாது.

குறித்துக்கொள்ள வந்த கருவியை வாசலில் காவலுக்கு நிறுத்தினார்களே, அங்கேதான் அநியாயம் புகுந்தது. 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்களுக்கும் ஊசி என்றார்கள். ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்தால்தான்! போனுக்கு வரும் எண்ணைப் போட வேண்டும், முகாமைத் தேட வேண்டும், இடம் திறந்த நிமிஷத்திலேயே பிடிக்க வேண்டும். சேற்றில் நாற்று நடுகிறவள் எப்படிப் பிடிப்பாள்? ஷிப்டில் தறி முன் நிற்பவன் எப்போது பிடிப்பான்? மற்ற பல மொழிகளைச் சேர்த்தபோதும் தமிழை விட்டுவிட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே ஜூனில் சேர்த்தார்கள்.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். பதிவு செய்துவிட்டு முகாமுக்கே போகாத சிலருக்கு, ஊசி போட்டாகிவிட்டது என்று போனில் செய்தி வந்தது! கருவியில் தவறாகக் குறித்ததை சர்க்காரே ஒப்புக்கொண்டு, மே 8 முதல் நான்கு இலக்க ரகசிய எண்ணைக் கொண்டுவந்தது.

மே 24-ந் தேதி சர்க்கார் மையங்களில் நேரில் பதிவு செய்ய அனுமதி வந்தது. போனில்லாத ஏழை என்ன செய்வான் என்று மே 31 உத்தரவில் சுப்ரீம் கோர்ட்டும் கேள்வி எழுப்பியது. செப்டம்பர் 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் சுமார் 40,000 முகாம்கள் நடந்தன. கருவி ஜனங்களைத் தேடி வந்தது. 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். அதே போன், அதே கணக்குத்தான்!

குழந்தைகளின் தடுப்பூசிக்கு 2023-ல் சோதனையாக 'யு-வின்' பதிவு தொடங்கப்பட்டது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகும் நம் குழந்தைகளுக்கு இது நல்லதே. ஆனால் போன் இல்லையென்று எந்தத் தாயையும் திருப்பி அனுப்பக் கூடாது. சிக்னல் இல்லையா? ஊசியை முதலில் போடு, காகிதத்தில் எழுது, பிறகு ஏற்று! ஊசியையும் பதிவையும் ஒரே நர்ஸின் தலையில் சுமத்தாமல், பதிவுக்குத் தனி ஆள் போட வேண்டும். அந்தச் சகோதரியும் உழைப்பாளிதான்.

புதன்கிழமை ஊசி போடப் போகும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள், தாய்மார்களே. போனில் ஏற்றியதை அட்டையிலும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.